கடன் தீர்ந்தது... புளிய மரம் திரும்பி வந்தது!



சம்பளம் வந்த அன்றே வாடகைக்கு ஒரு கவர், மளிகைக்கு ஒரு கவர், பால்காரருக்கு ஒரு கவர் என்று பிரித்து வைத்துக் கடனை அடைத்ததாகச் சென்னைச் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். நல்ல யோசனைதான். எங்கள் மகளிர் குழுக் கூட்டத்திலும் அதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரு அக்கா சொன்னார்: "கவர் இருக்குதும்மா. உள்ளே போட மாசாமாசம் காசுக்கு எங்கே போறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் எங்களுக்கு ஒன்றாம் தேதி என்று ஒன்று கிடையாது. மாசி, பங்குனியில் புளி உலுக்கினால் காசு. ஐப்பசி, கார்த்திகையில் சாமை அறுத்தால் காசு. நடுவிலே கூலி வேலை கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆனால் செலவு மட்டும் தினமும் வரும். வரவு வருஷத்துக்கு இரண்டு தடவை, செலவு 365 நாள். இந்த இடைவெளியில்தான் கடன் நுழைகிறது. எங்களைப் போல விவசாயக் கூலியை நம்பியிருக்கும் சகோதரிகள் கீழ்நாட்டிலும் நிறைய பேர் இருப்பீர்கள். அதனால் எங்கள் வீட்டுக் கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

மாமனாருக்கு வயிற்றில் ஆபரேஷன், அடுத்த வருஷமே நாத்தனார் கல்யாணம். 2022-ம் வருஷம் ஆனி மாசம் எல்லாக் கடனையும் முதன்முதலாக ஒரே தாளில் எழுதினோம்:

அடிவாரத்துப் புளி வியாபாரியிடம் ரூ.20,000. வட்டிக்காரரிடம் நூற்றுக்கு 5 வட்டியில் ரூ.15,000. என் செயின் அடகுக் கடையில் ரூ.40,000, நூற்றுக்கு 2 வட்டி. பெட்டிக்கடை பாக்கி ரூ.4,600. சித்தப்பா வீட்டில் கைமாத்து ரூ.10,000, அதற்கு வட்டி இல்லை. மொத்தம் ரூ.89,600.

தாளைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். மாமியார் மட்டும் உட்கார்ந்திருந்தார். "பயமா இருந்தாலும் இப்பத்தான் எவ்வளவுன்னு தெரியுது. இத்தனை நாளா இதைவிட ஜாஸ்தின்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். எழுதிப் பார்த்தால் கடன் கூடிவிடாது சகோதரிகளே. மனசில் இருக்கும் வரைதான் அது மலையாகத் தெரியும்.

வட்டி இல்லாத கடனின் வட்டி

இந்த ஐந்து கடனில் எது கொடுமையானது என்று கேட்டால் எல்லோரும் 5 வட்டியைத்தான் சொல்வார்கள். மாசம் 750 ரூபாய் வட்டிக்கே போகிறது. ஒரு வருஷத்தில் நூற்றுக்கு 60. ஆமாம், கொடுமைதான்.

ஆனால் புளி வியாபாரியின் கடனைப் பாருங்கள். "நமக்குள்ள வட்டி எதுக்குங்க? புளியை எனக்கே போடுங்க, கழிச்சிக்கலாம்" என்றுதான் கொடுத்தார். எங்களுக்கு மூன்று புளிய மரம். வருஷத்துக்குச் சுமாராக 300 கிலோ கொட்டைப்புளி வரும். அவர் போட்ட விலை கிலோவுக்கு 25 ரூபாய். அதே பருவத்தில் கடன் இல்லாத வீட்டுக்காரர்கள் 40 ரூபாய்க்கு விற்றார்கள். 2020-ல் மத்திய அரசு அறிவித்த ஆதார விலையே கொட்டையோடு உள்ள புளிக்குக் கிலோ 36 ரூபாய்.

குழுவில் நான்தான் கணக்கு எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தில் இதையும் போட்டுப் பார்த்தேன். 20,000 ரூபாய் கழிய அவர் விலைக்கு 800 கிலோ புளி போக வேண்டும். 40 ரூபாய்க்கு விற்றால் 500 கிலோ போதும். மீதி 300 கிலோ எதற்கு? அதுதான் வட்டி! மூன்று மரமும் ஒரு வருஷம் முழுக்கக் காய்த்துக் கொட்டுவது, "வட்டியே இல்லாத" கடனுக்கு வட்டி.

பணத்தைவிட இன்னொன்றும் போகிறது. கடன் இருக்கும் வரை நாம் புளியைச் சொசைட்டிக்கும் கொண்டு போக முடியாது, சந்தைக்கும் கொண்டு போக முடியாது. எடை சரியா என்று கேட்கவும் வாய் வராது. கடன் கொடுத்தவரே சரக்கும் வாங்குகிறார் என்றால், விலை பேசும் வாயை நாம் அடகு வைத்துவிட்டோம் என்று அர்த்தம். சாமைக்கும் தேனுக்கும் இதே கதைதான்.

எழுதியது ஒரு மாசம், குறைத்தது பிறகு

அந்த ஆனி மாசம் முழுக்க எதையும் குறைக்கவில்லை. பெண்ணின் பழைய ஸ்கூல் நோட்டில் எழுத மட்டும் செய்தோம். ரெண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டும் எழுதினோம், அவருடைய பீடிக்கட்டும் எழுதினோம். எழுத ஆரம்பித்ததுமே வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நோட்டே சொல்லிவிட்டது.

ஆடியில்தான் குறைக்க ஆரம்பித்தோம்.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தினமும் பாக்கெட் தின்பண்டம் 20 ரூபாய், மாசம் 600. அதற்குப் பதில் வேர்க்கடலை வறுத்து வெல்லம் சேர்த்து உருண்டை, தினைமாவு உருண்டை. 150 ரூபாயில் முடிந்தது. முதல் வாரம் சின்னவன் அழுதான். "பச்சைப் புள்ளை வாயைக் கட்டறியா?" என்று மாமியாருக்கும் கோபம். பிறகு அவரே தினையை வறுத்து இடிக்க ஆரம்பித்தார்.

டீக்கடையில் அவருக்கு ஒரு நாளைக்கு 40 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. டீக்கடையில் டீ மட்டுமா கிடைக்கிறது? எங்கே வேலை இருக்கிறது, யார் ஆள் கூப்பிடுகிறார்கள் என்ற சேதியும் அங்கேதான் கிடைக்கிறது. அதனால் காலையில் ஒரு டீ மட்டும் அங்கே. மற்றதெல்லாம் வீட்டில். மாசம் 600 மிச்சம்.

இரண்டு போனில் ஒன்றுக்கு நெட் இல்லாத சின்ன ரீசார்ஜ், 150 மிச்சம். நினைத்தபோதெல்லாம் போளூருக்கு இறங்குவதை நிறுத்தி, வேலைகளைச் சேர்த்து வைத்து மாசம் இரண்டு தடவை மட்டும் போனதில் 200 மிச்சம்.

ஆக 1,400 ரூபாய். இதைச் சராசரியாகத்தான் சொல்கிறேன். அடைமழையில் கூலி இல்லாத மாசம் ஆயிரம்கூட எடுக்க முடியவில்லை. வேலை நிறைய கிடைத்த மாசம் இரண்டாயிரத்துக்கு மேலும் எடுத்தோம். அதனால்தான் மாச பட்ஜெட் போடாமல், காலண்டர் அட்டையின் பின்னால் பன்னிரண்டு கட்டம் போட்டு வருஷ பட்ஜெட் போட்டோம். ஆனியில் ஸ்கூல் செலவு, ஆடியில் திருவிழாவும் விதையும், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், வைகாசியில் மொய். எந்தக் கட்டத்தில் கை வறண்டு போகும் என்று ஆறு மாசம் முன்னாலேயே தெரிந்துவிட்டால், அந்த நேரத்தில் வட்டிக்காரரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

சாப்பாட்டிலும் ஒரு மாற்றம். சாமையைக் களத்திலேயே மொத்தமாகப் போட்டுவிட்டு, ரேஷன் அரிசி தீர்ந்ததும் கடையில் கடனுக்கு அரிசி வாங்குவதுதான் இங்கே பல வீட்டு வழக்கம். அதை விட்டோம். வீட்டுக்கும் விதைக்கும் வேண்டிய சாமையை எடுத்து வைத்துவிட்டு மீதியை மட்டும் விற்றோம். வாரத்தில் மூன்று நாள் சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கொல்லையில் கிடைக்கும் கீரை, கொள்ளு, மொச்சை. இது பத்தியம் இல்லை. எங்கள் பாட்டிமார் சாப்பிட்டதுதான். இப்போது பட்டணத்தில் சிறுதானியம் என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள்!

எதை முதலில் அடைப்பது?

இதில்தான் வீட்டில் வாக்குவாதம். "5 வட்டியை முதல்ல முடி" என்றார் அவர். நான் பெட்டிக்கடை பாக்கியை முதலில் முடிக்கலாம் என்றேன். அதற்கு வட்டி இல்லைதான். ஆனால் பாக்கி இருக்கும் வரை அந்தக் கடையை விட்டு வேறு கடைக்குப் போக முடியாது. அங்கே எண்ணெயும் பருப்பும் நூறு கிராம், ஐம்பது கிராம் என்று வாங்கினால் மொத்த விலையைவிட எவ்வளவோ அதிகம். மூன்று மாசத்தில் 4,200 ரூபாயும், முட்டை விற்ற 400 ரூபாயும் சேர்த்து பாக்கியைத் தீர்த்தோம். பிறகு மாசச் சாமானைச் சந்தையில் ரொக்கத்துக்கு மொத்தமாக வாங்கியதில் இன்னும் 350 மிச்சம். 1,400 என்பது 1,750 ஆனது.

அடுத்து 5 வட்டி. குழுவில் 15,000 கேட்டேன். எங்கள் குழுவின் உள்கடன் நூற்றுக்கு 1 வட்டி. அதை வாங்கி வட்டிக்காரரின் கணக்கை அன்றே முடித்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தையும் கையோடு திரும்ப வாங்கினோம். 750 ரூபாய் வட்டி 150 ஆனது. அந்த 600-ஐ வேறு எதற்கும் தொடாமல் அசலுக்கே கட்டினோம். 1,750-ம் 600-ம் மாசம் 2,350. ஏழு மாசத்தில், சித்திரையில் குழுக் கடன் முடிந்தது.

குழு என்றதும் சும்மா கூடிப் பேசுவது என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கியவை. 1992-ல் நபார்டு இவற்றை வங்கிகளோடு இணைத்தது. கையெழுத்துப் போடத் தயங்கிய பெண்கள் வங்கி மேனேஜர் முன்னால் உட்கார்ந்து பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஆனால் ஒன்று. குழுவில் வாங்கும் கடனை இன்னொரு செலவுக்கு வாங்கினால் அது ஆறாவது கடன் ஆகிவிடும். கொடிய வட்டிக் கடனை முடிப்பதற்கென்று வாங்கினால்தான் மருந்து.

நடுவில் வந்த சோதனை

அந்தக் கார்த்திகையில் ஒரு மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். வெளிமாநிலத்தில் எஸ்டேட் வேலை, போகும்போதே 30,000 அட்வான்ஸ் என்றார். என் வீட்டுக்காரர் ஆடிப்போய்விட்டார். ஒரே கையில் இரண்டு கடன் முடிந்துவிடுமே! "ஒரு ஆறு மாசம்தானே, போயிட்டு வந்துடறேன்" என்றார்.

நான் தடுக்கவில்லை. நோட்டை எடுத்து வைத்து அவரையே கணக்குப் போடச் சொன்னேன். அட்வான்ஸ் என்பதும் கடன்தான். அதைக் கழிக்கும் கூலி எவ்வளவு என்று அவர்தான் சொல்வார். எத்தனை நாளில் கழியும் என்பதும் அவர் கணக்குத்தான். புளி வியாபாரி மரத்துக்குச் செய்ததை இவர் மனுஷனுக்குச் செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போக விடாமல் வேலை வாங்குவது குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் அட்வான்ஸ் என்ற பேரில் அது இன்னமும் வாசலுக்கு வருகிறது.

எங்கள் மலைக்கு இது வெறும் கணக்கு இல்லை. 2015-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி, ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களும் உண்டு, தர்மபுரி மாவட்டத்துக்காரர்களும் உண்டு. கைக்கு ரொக்கம் தருகிறேன் என்று யார் வந்தாலும், இந்த மலையில் பெண்களுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

அவர் ராத்திரி முழுக்க யோசித்தார். காலையில், "நம்ம கணக்குல அடுத்த வருஷம் புரட்டாசிக்குள்ள மரம் வந்துடுமில்ல? அப்ப எதுக்கு நான் போகணும்" என்றார். மேஸ்திரி வெறும் கையோடு திரும்பிப் போனார். நோட்டுப் புத்தகம் எங்களுக்குச் செய்த பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். எப்போது கடன் தீரும் என்று தேதி தெரிந்தவர்கள் அவசரத்தில் தலையை நீட்டுவதில்லை.

மரம் வந்தது, செயினும் வந்தது

முதல் வருஷப் புளி வியாபாரிக்கே போனது. 7,500 கழிந்து 12,500 நின்றது. வைகாசியிலிருந்து மாசம் 2,500 சேர்த்தோம். குழுவுக்குக் கட்டிய 150 வட்டியும் இப்போது மிச்சம்தானே. புரட்டாசியில் 12,500 ரொக்கமாகக் கொண்டு போய்க் கொடுத்தோம். "என்னங்க அவசரம்? புளி வரட்டுமே, நான் கேட்டேனா?" என்றார். அவசரமே இல்லாத கடன்காரரைப் பார்த்தால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் சகோதரிகளே! ஊர்ப் பெரியவர் இருவரைக் கூடவே அழைத்துப் போயிருந்தோம். அவர்கள் முன்னாலேயே கணக்கு முடிந்தது.

ஐப்பசியில் என் அண்ணி இரண்டு நாள் கைமாத்தாக 40,000 கொடுத்தார். செயினை அடகுக் கடையிலிருந்து மீட்டு, அதையே கூட்டுறவு வங்கியில் வைத்து அண்ணிக்குத் திருப்பிக் கொடுத்தோம். வட்டி ஏறக்குறைய பாதியானது. அதில் மாசம் 400 மிச்சம்.

அடுத்த மாசியில் புளி எங்கள் கையில். மூன்று பேரிடம் விலை கேட்டு, கிலோ 40 ரூபாய்க்கு விற்றோம். அதே 300 கிலோ, அதே மரம். 7,500-க்குப் பதில் 12,000. வாங்க வந்தவர்களில் பழைய வியாபாரியும் ஒருவர். "இந்த வருஷம் என்ன விலைக்குக் கொடுக்கறீங்க?" என்று அவர் எங்களைக் கேட்டார். அத்தனை வருஷத்தில் விலை அவர் சொல்லித்தான் பழக்கம், எங்களைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

2024-ம் வருஷம் ஆனிக் கடைசியில் செயின் கழுத்துக்கு வந்தது. சித்தப்பா வீட்டுப் பத்தாயிரத்தை இரண்டு சாமை அறுப்பில் ஐயாயிரம், ஐயாயிரமாகக் கொடுத்துவிட்டோம். வட்டி கேட்காதவரைக் கடைசியில் கொடுக்கலாம் என்று விடக்கூடாது. அந்த உறவுதான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடி வரும்.

2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 ரூபாயை நாங்கள் கடன் கணக்கில் சேர்க்கவே இல்லை. காய்ச்சல், தலைவலி, திடீர்ச் செலவு என்றால் அதிலிருந்துதான். அவசரத்துக்கென்று ஒரு சின்னத் தொகை தனியாக இல்லாவிட்டால், கடன் முடிந்த மறு மாசமே புதுக் கடன் வந்து நிற்கும்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

* எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். அசல், வட்டி, யாரிடம், எதை ஈடாக வைத்தது என்று நான்கும் இருக்கட்டும். "நூற்றுக்கு 5" என்பதை 12-ஆல் பெருக்கி வருஷ வட்டியாகவும் எழுதிப் பாருங்கள்.

* "வட்டி இல்லை" என்று சொல்பவரிடம் விலை என்ன என்று கேளுங்கள். விலைக்குள் வட்டி ஒளிந்திருக்கும்.

* விளைச்சலைச் செடியிலேயே, மரத்திலேயே விலை பேசாதீர்கள். ஒரு பருவம் தாக்குப்பிடிக்கும் சாமானைச் சேர்த்து வைத்துவிட்டால் பாதி வெற்றி.

* ஒரு கடன் முடிந்ததும் அந்தத் தவணைப் பணத்தைச் செலவுக்கு விடாதீர்கள். அப்படியே அடுத்த கடனுக்குத் திருப்புங்கள்.

* அடைத்ததற்கு ரசீது, பத்திரம், சாட்சி மூன்றில் ஒன்றாவது அவசியம்.

* வாரக் கடன் கம்பெனிக்காரர்கள் இருட்டிய பிறகு வாசலில் வந்து உட்கார்ந்தால் பயப்படாதீர்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, இந்த வகைக் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக்கூடாது. கந்து வட்டிக்கு எதிராக 2003-லிருந்து நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவாகப் போய் மனுக் கொடுங்கள்.

எங்கள் குழுவில் இப்போது கூட்டம் முடிந்ததும் பத்து நிமிஷம் "நோட்டு நேரம்". யார் வீட்டில் எந்தக் கடன் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல வேண்டும். மறைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். போன கூட்டத்தில், கவரை எங்கே நிரப்புவது என்று கேட்டாரே அந்த அக்கா, தன் வீட்டு இரண்டு மரத்தில் ஒன்று இந்த மாசிக்குத் தனக்கே வந்துவிடும் என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினோம்.

உங்கள் ஊரில் புளிய மரம் இல்லாமல் இருக்கலாம். கறவை மாடு இருக்கும், தறி இருக்கும், தையல் மெஷின் இருக்கும். அதில் எது இன்னொருவர் விலைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அதை முதலில் மீட்க வழி தேடுங்கள்.

— ஒரு வாசகி, ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை.